பணம் கட்டியாச்சு, மெஷின் எங்கே?

கேள்வி: அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் என் தம்பி, வீட்டிலேயே தானாக பியர் காய்ச்சும் மெஷினுக்கு, கூட்டாகப் பணம் திரட்டும் தளம் ஒன்றில் முன்பணம் கட்டினான். சொன்ன தேதி தாண்டி ஒரு வருடமாகிறது. 'மோல்டில் சின்னத் திருத்தம்' என்றே மெயில் வருகிறது. ஏமாற்று வேலையா? மெஷின் வந்தால் எங்களுக்கே அனுப்பிவிடுவதாக வேறு சொல்கிறான்!
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மோல்டு என்றால் உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி பாகங்களை வார்க்கும் அச்சு. அதைச் சொன்னதால் மட்டும் நான் சந்தேகப்பட மாட்டேன். அம்பத்தூரில் இந்த மோல்டுகளைச் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவன். எஃகில் மோல்டு வெட்டவே மாதக்கணக்கில் ஆகும். முதல் தடவை பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்த்தால் மூடி கோணிக்கொண்டு வரும், ஓரத்தில் பிசிறு நிற்கும். எஃகை இன்னும் கொஞ்சம் செதுக்குவது எளிது. கூடுதலாகச் செதுக்கிவிட்டால் அதை நிரப்புவதுதான் கொடுமை. ஐம்பது மெஷினைக் கையாலேயே செய்து ஒப்பேற்றலாம். ஆயிரக்கணக்கில் ஆர்டர் வந்தால் மோல்டு இல்லாமல் முடியாது. ஆக, பணம் குவியக் குவிய தாமதமும் கூடும்.

பியர் மெஷினில் தலைவலி இன்னும் அதிகம். முளைகட்டிய பார்லியைச் சுமார் 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். உமி பம்பை அடைக்கும். கொதிநீரும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் என்பதால் பாதுகாப்புச் சான்றிதழ் லேசில் கிடைக்காது. சியாட்டில் கடலோர ஊர், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். '100 வந்தால் அடுத்த வேலை' என்று புரோகிராம் எழுதியிருந்தால், அங்கே மெஷின் காத்துக்கொண்டே கிடக்கும்.

அப்புறம், கவலைப்பட வேண்டியது எப்போது? மெயிலில் மோல்டு, சர்க்யூட் போர்டு, சோதனை முடிவு என்று படங்கள் வருகிற வரை பொறுக்கலாம். 'இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் சீக்கிரம் அனுப்புகிறோம்' என்றால் உஷார். 2014-இல் கூலஸ்ட் என்ற பிளெண்டர் வைத்த ஐஸ்பெட்டிக்கு 62,000 பேருக்கு மேல் சேர்ந்து 1.3 கோடி டாலர் கொடுத்தார்கள். மோட்டார் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் என்றார்கள். கொடுத்தவர்கள் காத்திருக்க, அமேசானில் விற்பனை நடந்தது. பிறகு, சீக்கிரம் வேண்டுமானால் 97 டாலர் கூடுதலாகக் கட்டச் சொன்னார்கள். 2019-இல் கடையை மூடியபோது ஏறக்குறைய 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை.

பணம் திரும்புவது கஷ்டம்தான். இந்தத் தளங்கள் கடை இல்லை. பொறுப்பு மெஷின் செய்பவருடையது, அவர் கையில் மிச்சம் இருந்தால்தான் தருவார். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் புகார் செய்ய முடியுமா என்று தம்பியை இன்றே விசாரிக்கச் சொல்லுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.

இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள்: இன்டர்நெட் இல்லாமல் அது ஓடுமா? சியாட்டிலின் பிகோபுரூ நிறுவனம் 2013-லும் 2015-லும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இதே மாதிரித் தளத்தில் பணம் திரட்டி, மெஷின்களை ஒழுங்காக அனுப்பவும் செய்தது. ஆனால் அதன் பிகோ மெஷின், கம்பெனியின் சர்வரையும் அவர்கள் விற்கும் பொட்டலங்களையும் நம்பி இருந்தது. 2020-இல் கம்பெனி நொடித்ததும் வாங்கியவர்கள் தவித்தார்கள்.

மதுரைக்கு அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம். அமெரிக்காவில் 1978-இலேயே வீட்டுத் தேவைக்குக் காய்ச்சச் சட்டம் வழிவிட்டது. இங்கே 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.