பூமி சூரியன் கிட்ட போனா கோடையா? ஏழாம் வகுப்பு பொண்ணோட அம்மா கேட்ட கேள்வி

மதுரையில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பொண்ணு ஏழாவது படிக்கிறா, "கோடைக்காலம் ஏன் வருது"ங்கிற கேள்விக்கு "பூமி சூரியனுக்கு கிட்ட போறதால"ன்னு எழுதி மார்க் போயிடுச்சாம், வீட்ல எப்படி புரிய வைக்கிறதுன்னு கேக்குறாங்க. பாப்பாவை திட்டாதீங்க, அடுப்பு கிட்ட போனா சுடும்னு தெரிஞ்ச எந்தப் புள்ளையும் அப்படித்தான் யோசிக்கும், காலேஜ் முடிச்சவங்கள்ல கூட நிறைய பேர் இதையே சொல்றாங்க.

முதல்ல அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. டிசம்பர் 26-ல மெல்போர்ன்ல டெஸ்ட் மேட்ச் ஆரம்பிக்குதே, அங்க ஜனம் எல்லாம் தொப்பி போட்டுக்கிட்டு வெயில்ல உக்காந்திருக்கு, அதே நாள் லண்டன்ல குளிர் நடுக்குது, தூரம்தான் காரணம்னா மொத்த பூமிக்கும் ஒரே நேரத்துல கோடை வரணுமே, ஏன் வரல? இதுலயே அவளுக்கு பாதி விளங்கிடும்.

உண்மை என்னன்னா பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட இருக்கிறது ஜனவரி முதல் வாரத்துல, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ரொம்ப தள்ளி இருக்கிறது ஜூலை முதல் வாரத்துல, சுமார் 15.2 கோடி. அதாவது நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போதுதான் சூரியன் கிட்ட இருக்கு. புக்ல பூமி சூரியனைச் சுத்துற பாதையை கோழிமுட்டை மாதிரி நீளமா போட்டிருப்பாங்க, குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குதுன்னு நான் உறுதியா சொல்வேன், ஏன்னா அது பக்கவாட்டுல இருந்து பாக்குற மாதிரி வரைஞ்ச படம். நிஜ அளவுல வரையணும்னா காம்பஸ்ல 10 சென்டிமீட்டர் ஆரம் வெச்சு வட்டம் போட்டு, நடுப்புள்ளியில இருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளி சூரியனை வெச்சா போதும், கண்ணுக்கு அது முழு வட்டமாவேதான் தெரியும். இதை அவ கையாலயே வரைய விடுங்க.

அப்போ காரணம் எது? பூமியோட அச்சு சுமார் 23½ டிகிரி சாஞ்சிருக்கு, அந்தச் சாய்வு மாறாமலே சூரியனைச் சுத்துது. அதனால ஜூன்ல வட பாதிக்கு வெயில் நேரா விழுது, பகலும் நீளம், டிசம்பர்ல தென் பாதிக்கு. நேரா விழுற வெளிச்சம் சின்ன இடத்துல குவியும், சாஞ்சு விழுந்தா அதே வெளிச்சம் பரவிப் போயிடும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு பேப்பர் மேல டார்ச்சை நேரா ஒரு தடவை, சாய்ச்சு ஒரு தடவை அடிச்சு ரெண்டு வட்டத்தையும் பென்சில்ல வரையச் சொல்லுங்க.

பகல் நீளம் நம்ம ஊர்ல பெருசா மாறாது, லண்டன்ல ஜூன்ல பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பர்ல எட்டு மணி நேரம் கூட இல்ல.

இப்ப உங்க மொட்டை மாடி. மதுரை கடகரேகைக்குத் தெக்க, பூமத்திய ரேகைக்கு சுமார் 10 டிகிரி வடக்குல இருக்கு, அதனால சூரியன் வருஷத்துக்கு ரெண்டு நாள் உச்சந்தலைக்கு மேலயே வரும், ஏப்ரல் 16 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட் 27 வாக்குல இன்னொண்ணு, அதைத்தான் நிழலில்லா நாள்னு சொல்றது. ஒரு மீட்டர் குச்சியை நட்டுக்க நிறுத்துங்க (நூல்ல கல்லைக் கட்டி தொங்கவிட்டு நேரா இருக்கான்னு பாத்துக்கணும்), மதியம் 12:15-ல இருந்து 12:20 வரைக்கும் பாருங்க, சரியா 12 மணிக்கு இல்ல, இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு கணக்கு, மதுரை அதுக்கு மேற்கால இருக்கு. அன்னிக்கு குச்சி நிழல் அடியிலயே ஒடுங்கிடும். அதே குச்சியை டிசம்பர் 21-ல பாத்தா நிழல் வடக்கால 66 சென்டிமீட்டர் நீளும், ஜூன் 21-ல சுமார் 24 சென்டிமீட்டர் தான், அதுவும் தெக்கால விழும்! இதை நோட்ல எழுதி வெச்ச புள்ளைக்கு சாய்வுன்னா என்னன்னு யாரும் தனியா சொல்லித்தரத் தேவையில்ல.

ஒரு விஷயம் அவளே கேப்பா: ஏப்ரல்லயே சூரியன் உச்சிக்கு வந்துட்டா அக்னி நட்சத்திரம் ஏன் மே மாசம்? தரை ஏத்துக்கிற சூடு இழக்கிற சூட்டை விட அதிகமா இருக்கிற வரைக்கும் ஏறிக்கிட்டேதான் இருக்கும், உச்சி வெயில் தாண்டி மதியம் ரெண்டு மூணு மணிக்கு தகிக்குதே அதே கணக்கு. ஆகஸ்ட்ல சூரியன் திரும்ப உச்சிக்கு வந்தாலும் மேகமும் சாயங்கால இடிமழையும் கொஞ்சம் தணிச்சுடும்.

அந்த மேகம் உங்க குச்சிக்கும் இடைஞ்சல் பண்ணும், அதனால முன்ன பின்ன ஒரு நாள் சேத்தே ட்ரை பண்ணுங்க, நிழல் ரெண்டு சென்டிமீட்டருக்குள்ளதான் இருக்கும். நிழலை மட்டும் பாக்கணும், சூரியனை நிமிந்து பாக்கவே கூடாதுன்னு பாப்பாகிட்ட முன்னாடியே கண்டிப்பா சொல்லிடுங்க.