மெக்சிகோவில் கதைப்பாட்டுப் பாடகர்களை ஏன் கொல்கிறார்கள்? உயிருக்கு ஆபத்து என்றால் பாடாமல் விட்டுவிடலாமே?

கேள்வியின் இரண்டாம் பாதிக்காகத்தான் எழுதுகிறேன். இந்தப் பாட்டுகளைப் பல வருடமாகக் கேட்கிறேன். "விட்டுவிடலாமே" என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன்.

கொர்ரிதோ என்பது மெக்சிகோவின் கதைப்பாட்டு. 1910இல் தொடங்கிய புரட்சியின்போது எங்கே சண்டை, யார் செத்தார், யார் காட்டிக்கொடுத்தார் என்பதையெல்லாம் ஆள் பெயர், ஊர்ப் பெயரோடு மக்களிடம் கொண்டுபோனது இந்தப் பாட்டு. பிற்காலத்தில் போதைக் கடத்தல்காரர்களைப் பாடியபோது நார்கோகொர்ரிதோ ஆனது. பெயர் சொல்லிப் பாடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. வம்பே அதில்தான். ஒருவனுக்குப் புகழ்மாலை என்றால் அவன் எதிரிக்கு அதுவே வசவு.

அதிலும் பல பாட்டுகள் காசு கொடுத்து எழுதி வாங்குபவை. சினலோவா மாநிலத்தில் பிறந்த சாலினோ சான்செஸ் பாட்டு கட்டத் தொடங்கியதே திஹுவானா சிறையில், கூட இருந்த கைதிகளுக்காக. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டு எழுதி, கேசட்டில் பதிந்து கொடுத்தார். 1992 ஜனவரியில் கலிபோர்னியாவின் கோச்செல்லாவில் ஒருவன் மேடையிலேயே அவரைச் சுட்டான். அவரும் தன் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார்.

பிழைத்து எழுந்தவர், மே மாதம் சினலோவாவின் தலைநகர் குலியாகானுக்குப் பாடப் போனார். அந்தக் கச்சேரியின் வீடியோ இருக்கிறது. நடுவில் ஒரு துண்டுச் சீட்டு அவர் கைக்கு வருகிறது. பிரித்துப் படிக்கிறார். முகம் இறுகுகிறது. நெற்றியைத் துடைக்கிறார். சீட்டைக் கசக்குகிறார். வாத்தியங்கள் தொடங்க, அவரும் பாட ஆரம்பிக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். கச்சேரி முடிந்து கிளம்பியவரைப் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு சிலர் வழிமறித்து அழைத்துப் போனார்கள். மறுநாள் காலை கால்வாய் ஓரம் உடல் கிடந்தது, தலையில் இரண்டு குண்டுகளோடு. வயது 31. சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

2006 நவம்பரில் வலெந்தின் எலிசால்தே எல்லை நகரமான ரெய்னோசாவின் பொருட்காட்சியில் பாடினார். "என் எதிரிகளுக்கு" என்று பொருள்படும் அவருடைய பாட்டை, அந்த ஊர்க் கும்பலைக் கேலி செய்யும் வீடியோக்களுக்குப் பின்னணியாக யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். அதே பாட்டை அந்த ஊரிலேயே பாடினார். வெளியே வந்த வண்டியைச் சல்லடையாகச் சுட்டுத் துளைத்தார்கள். அவருக்கு வயது 27.

கொர்ரிதோ பாடாதவர்களையும் விட்டுவைக்கவில்லை. 2007 டிசம்பரில் மொரேலியாவில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது கடத்திக் கொல்லப்பட்ட செர்ஹியோ கோமெஸ் பாடியது பெரும்பாலும் காதல் பாட்டு.

"பாடாமல் விடலாமே" என்பதற்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் தெஸ்கோகோ திருவிழாவில் லூயிஸ் ஆர் கொன்ரிகெஸ் அதைத்தான் செய்தார். தடை வந்திருப்பதால் இனி இந்த வகைப் பாட்டு கிடையாது என்று மேடையில் சொன்னார். டிக்கெட் வாங்கி வந்திருந்த கூட்டம் மேடையேறி வாத்தியங்களை அடித்து நொறுக்கியது. பாடினால் அரசு அபராதம் போடுகிறது, சில ஊர்களில் துப்பாக்கியும் காத்திருக்கிறது. பாடாவிட்டால் ரசிகன் விடுவதில்லை. பாட்டு எழுதச் சொல்லிக் காசு நீட்டுபவனிடம் "முடியாது" என்று சொல்லவும் தனித் துணிச்சல் வேண்டும். தடை போடும் அரசுகள் மேடையில் நிற்பவனைப் பிடிக்கின்றன. அவனைக் கொன்றவர்களில் எத்தனை பேர் பிடிபட்டார்கள்? என் கோபமெல்லாம் அங்கேதான்.

அடுத்த மாதமே, அதே ரெய்னோசாவில், க்ருப்போ ஃபுஹிதிவோ என்ற குழுவை ஒரு வீட்டு விசேஷத்துக்குப் பாட அழைத்தார்கள். கொடுத்த முகவரிக்குப் போனால் அங்கே காலி மனை. சில நாள் கழித்து, குழுவைச் சேர்ந்த ஐந்து பேரின் உடல்களைத்தான் கண்டெடுத்தார்கள்.