கோவில் தப்பியது, திருப்பயணிகள் ஏன் தப்பவில்லை?

2004 சுனாமியில் வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் கடல்நீர் புகவில்லை, அது புதுமை (அற்புதம்) என்கிறார்கள். அப்படியானால் கடற்கரையில் இறந்துபோன திருப்பயணிகள் பாவிகளா?
*வாசகி, திருச்சி*

இல்லவே இல்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்த செய்தியை எடுத்துப் பேசிய இயேசு, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று தாமே கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்லிவிட்டார் (லூக்கா 13). மனம் மாறச் சொன்னது, உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம்.

அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் நழுவியது. நம் கரையை அலை எட்டியபோது மணி ஏறக்குறைய 9. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எச்சரிக்கத்தான் ஆளில்லை, இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் தொடங்கியது 2007-இல். குற்றம் தேடுவதானால் அந்த இரண்டு மணி நேரத்தில் தேடுங்கள், இறந்தவர்களின் வாழ்க்கையில் வேண்டாம்.

தப்பியவர்கள் மாதாவுக்கு நன்றி சொல்லட்டும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் விழும்படி அதைப் புதுமை என்று பறைசாற்றுவது கொடுமை. அவளுக்கு மட்டும் புதுமை நடக்காதது ஏன் என்று நம்மில் யாராலும் சொல்ல முடியாது. திருவிவிலியமும் அந்தக் கேள்வியை மூடி மறைக்கவில்லை. 88-ஆம் திருப்பாடல் கடைசிவரை ஆறுதல் இல்லாமல் இருளில்தான் முடிகிறது. அதுவும் செபம்தான்.

ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போகும்போது அன்பியத்தினர் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவினர்) என்ன பேசுவது?
*வாசகர், குளச்சல்*

குறைவாகப் பேசுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் நடந்துகொண்டார்கள்; விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. "கடவுள் சித்தம்", "நல்லவங்களைச் சீக்கிரம் கூட்டிக்கிடுவார்" என்ற இரண்டையும் அந்த வீட்டில் சொல்லவே வேண்டாம். அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள வற்புறுத்தாதீர்கள், திரும்பி வருவார் என்று ஆசை காட்டவும் செய்யாதீர்கள். அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். நினைவுத் திருப்பலிக்கு உடல் வேண்டும் என்பதில்லை. குடும்பத்தார் தயாராகும்போது பங்குத்தந்தையிடம் அவர்களே கேட்கட்டும்.

அரசு அலுவலகங்களுக்குப் போகும்போது அந்த அம்மாவோடு ஒருவர் துணைக்குப் போக வேண்டும். ரேஷன் அட்டை, மீனவர் நலவாரிய அட்டை, படகுப் பதிவு ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு, இரண்டு செட் எடுத்து வையுங்கள். முதல் மாதம் கூட்டம் வரும்; ஆறாம் மாதம் யாரும் வரமாட்டார்கள். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தையும் புயல் அடித்த நவம்பர் 30-ஐயும் குறித்து வைத்துக்கொண்டு அப்போது போங்கள்.

வெள்ளம் வடிந்ததும் எங்கள் இளைஞர் குழு என்ன செய்யலாம்? பழைய துணி சேகரிக்கலாமா?
*வாசகர், கடலூர்*

துணி வேண்டாம், குவிந்து நனைந்து குப்பையாகும். கிணறுகளைக் கவனியுங்கள்.

கலங்கல் நீரில் குளோரின் வீணாகும் என்பதால் முதலில் அதை இறைத்துவிடுங்கள். கடல்நீர் புகுந்த கிணறாக இருந்தால் ஒட்ட இறைக்கக் கூடாது, அடியிலிருந்து உப்புநீர் ஏறிவிடும். பிறகு அளவு பாருங்கள். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்றால் சுமார் 9,400 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஏறக்குறைய 24 கிராம் ஆகும். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை ஒதுக்கிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் மாற்றி, கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் நீர் எடுக்கக் கூடாது. பிறகு குளோரோஸ்கோப்பில் (நீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் கருவி) லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றில் முதல் தடவையே அவ்வளவு காட்டுவது அரிது. காட்டும்வரை மறுபடி போடுங்கள். திறந்து கிடந்த மூட்டையிலுள்ள பவுடர் வீரியம் போயிருக்கும், வாங்கும்போதே தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.

காணிக்கை சேர்ந்தால் பணமாகவே கொடுங்கள். பஞ்சம் வருமென்று இறைவாக்கினர் அகபு சொன்னதும் அந்தியோக்கியா சபை அவரவர் வசதிக்கேற்பத் திரட்டி, பர்னபா, சவுல் என்ற இருவர் கையில் கொடுத்து அனுப்பியது (திருத்தூதர் பணிகள் 11). உங்கள் குழுவிலும் கணக்கை இருவர் பார்க்கட்டும். வரவு செலவை ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உதவிப் பட்டியலை ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்துப் போடாதீர்கள். தண்ணீர் நின்ற எல்லா வீடுகளும் அதில் வரவேண்டும்.