சனிக்கிழமை வார்த்தால் சனிக்கிழமை உடைக்கலாம்: வேலையை விடாமல் சிவிலில் பி.எச்டி

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பத்து வருடமாக சிவில் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எம்.இ. ஸ்ட்ரக்சுரல் முடித்தவள், வயது 34. கணவருக்கு ஓசூரில் வேலை, மகள் இரண்டாம் வகுப்பு. பி.எச்டி இல்லாமல் இனி பதவி உயர்வு கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வேலையை விட்டு முழுநேரமாகச் சேர்வதா, பகுதிநேரமா? அண்ணா பல்கலைக்கழகமா, பெங்களூரா? தலைப்பு என்று கையில் எதுவும் இல்லை. மொத்தமாகப் பணம் கட்டினால் தலைப்பிலிருந்து தீசிஸ் வரை பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கன்சல்டன்சி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கன்சல்டன்சி பேச்சை முதலில் முடித்துவிடுவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு வைவாவுக்கு, அதாவது பி.எச்டி வாய்மொழித் தேர்வுக்கு, தேர்வாளராகப் போயிருந்தேன். கான்கிரீட் தலைப்பு. ஸ்லைடுகள் பளபளவென்று இருந்தன, வரைபடங்கள் நூல் பிடித்த மாதிரி. எனக்கு ஏதோ உறுத்தியது. "உங்கள் 150 மில்லிமீட்டர் கியூப் ஒன்று என்ன எடை இருந்தது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு "இரண்டரை கிலோ இருக்கும் சார்" என்றார். வலிமை பார்க்க வார்த்து உடைக்கும் அந்தக் கான்கிரீட் கனசதுரம் எட்டு கிலோ இருக்க வேண்டும். இருநூறு கியூப் வார்த்ததாக எழுதியவர் ஒன்றைக்கூடத் தூக்கியதில்லை. அன்று அந்த அறையில் எல்லோருக்கும் தலை குனிவு. வைவா எல்லோரும் வந்து உட்காரும் பொதுத் தேர்வு என்பதை அந்த கன்சல்டன்சிக்காரர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அதோடு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி பத்து சதவீதத்துக்கு மேல் நகல் இருந்தால் தீசிஸ் திரும்பி வரும். நாற்பதைத் தாண்டினால் ஓராண்டு மறுபடி சமர்ப்பிக்க முடியாது. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. வெளிமாநிலத்தில் சுலபமாக முடித்துத் தருகிறோம் என்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். பி.எச்டி விதிகளை மீறியதாக ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்களை ஐந்தாண்டுக்குப் புதிய ஆய்வாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் யுஜிசி தடுத்தது. அஞ்சல் வழி, ஆன்லைன் பி.எச்டி எதுவும் செல்லாது.

சரி, முழுநேரமா பகுதிநேரமா? உங்கள் நிலையில் பகுதிநேரம்தான். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஐஐடி, என்ஐடியில் கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு முழுநேரமாகச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 உதவித்தொகை உண்டு. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் நீங்கள் மறுபடி எழுத வேண்டியிருக்கும். சென்னையோ திருச்சியோ, கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அங்கேயே தங்க வேண்டும். இரண்டாம் வகுப்புக் குழந்தையை வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களும் இருக்கிறார்கள், முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் பத்து வருட வேலையை விட்டால் நாற்பது வயதில் அதே இடத்துக்குத் திரும்ப முடியுமா என்பது தனியார் கல்லூரி நிலவரம் தெரிந்த உங்களுக்கே தெரியும்.

பகுதிநேரத்துக்கு யுஜிசியின் 2022 விதிமுறை தெளிவாகவே இடம் தருகிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. மறுபதிவில் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. இதைத் தவிர 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், ஓபிசி உள்ளிட்ட பிரிவினருக்கு ஐந்து சதவீதம் தளர்வு. ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட், அதிலும் 55 சதவீதம் எடுத்தாக வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதன் மேல் தங்கள் நிபந்தனைகளையும் வைக்கும். நீங்கள் பதிவு செய்யும் ஆண்டில் எது நடப்பில் இருக்கிறதோ, அந்த விதிப் புத்தகத்தை அச்செடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "எந்தப் பல்கலைக்கழகம்" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் வரிசை வேறு: முதலில் கேள்வி, அடுத்து கைடு, பல்கலைக்கழகம் மூன்றாவது. பகுதிநேர ஆய்வு நின்றுபோவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் இல்லை. சோதனை செய்ய வேண்டிய நாளில் ஆள் லேபில் இல்லாததால்தான் நின்றுபோகிறது. ஆகவே உங்கள் கேள்வி, வீட்டிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் ஒரு பஸ் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் கேள்விகளுக்குப் பஞ்சமா? கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் எட்டு ஷட்டர்களில் ஒன்று உடைந்தது. இரும்பு மதகுகளின் ஆயுளைப் பற்றி அருமையான ஆய்வு செய்யலாம். தருமபுரிச் சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடிழப்பது ஏன் என்று சாலைப் பொறியாளர் ஒருவர் கேட்கலாம். ஆனால் இரண்டிலும் தரவு அரசு அலுவலகங்களிடம் இருக்கிறது. அனுமதிக் கடிதம் கையில் வராமல் இந்த மாதிரித் தலைப்பில் பதிவு செய்துவிடாதீர்கள். ஓராண்டு மேசைக்கு மேசை அலைந்து, கடைசியில் தலைப்பையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். நிலத்தடி நீர் ஃபுளோரைடு கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரு மாவட்டங்களின் பழைய நோவு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 10500. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அது சுற்றுச்சூழல் பொறியியல்காரர்களின் களம். ஸ்ட்ரக்சுரல் படித்த நீங்கள் அதில் புதிதாக நீச்சல் பழக வேண்டியிருக்கும்.

உங்களுக்குத் தோதாக வாசலிலேயே ஒன்று கிடக்கிறது: கிரானைட் பட்டறைகளின் கழிவுச் சேறு. "ஐயோ, அது ஆயிரம் பேர் செய்ததாயிற்றே" என்பீர்கள். உண்மைதான். ஐந்து சதவீதம், பத்து, பதினைந்து, இருபது என்று எதையாவது கான்கிரீட்டில் கலந்து, பத்திலோ பதினைந்திலோ வலிமை உச்சம் தொட்டது என்று முடியும் கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்கும் சலித்துவிட்டது. இந்தப் போக்கில் போனால் கிருஷ்ணகிரி மாங்கொட்டையை எரித்த சாம்பலுக்கும் ஒரு பத்து சதவீத உச்சம் கிடைத்துவிடும். அது ஆய்வு இல்லை, பயிற்சி. எம்.இ. புராஜெக்டுக்குப் போதும்.

கேள்வியைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள். பெரிய கல்லைப் பலகைகளாக அறுக்கும் கேங்-சா முறையில் இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் தண்ணீரோடு ஓடும். வைரப்பல் வட்டில் அறுத்தால் அந்த இரும்பும் சுண்ணாம்பும் இல்லை. இரண்டு பட்டறையிலிருந்தும் ஆளுக்கொரு வாளி சேறு கொண்டுவந்து காய வைத்து, பொடித்து, ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். கேங்-சா சேற்றில் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். இந்த இரும்பு கான்கிரீட்டுக்குள் போனால் என்ன ஆகிறது? துருப்பிடித்து விரிசல் விடுமா, வெறும் கறையோடு நிற்குமா, உள்ளிருக்கும் கம்பியின் அரிப்பை மாற்றுமா? கழுவி எடுத்தால் வித்தியாசம் உண்டா? எம்-சாண்டிலேயே 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதம் வரை இருக்க ஐஎஸ் 383 அனுமதிக்கிறதே, அதோடு இதுவும் சேர்ந்தால் தண்ணீர்த் தேவை எங்கே போய் நிற்கும்? இப்படிக் கேட்டால் அது உங்கள் கேள்வி. முன்னால் வந்த கட்டுரைகள் எந்த அறுப்புச் சேறு என்றாவது சொல்கின்றனவா என்று தேடிப் படிப்பதே உங்கள் முதல் ஆறு மாத வேலை.

இப்போது ஒரு கணக்கு. ஆறு கலவை என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் நான்கு வயதில் (வார்த்த 7, 28, 56, 90-ஆவது நாட்களில்) மூன்று மூன்று கியூப், ஆக 72. ஒன்று எட்டு கிலோ என்றால் கியூப் மட்டுமே அரை டன்னுக்கு மேல் வருகிறது. சிலிண்டரும் அரிப்புச் சோதனைக்கான மாதிரிகளும் தனி. இதை யார் தூக்குவது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். லேப் உதவியாளரிடம் நல்ல பெயர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கைடுக்கு அடுத்தபடி முக்கியமானவர் அவர்தான்.

நாள் கணக்கு இதைவிட முக்கியம். கியூப்களைச் சனிக்கிழமை வார்த்துவிடுங்கள். 7, 28, 56 எல்லாமே ஏழின் மடங்கு என்பதால் அந்த மூன்று சோதனையும் சனிக்கிழமையிலேயே விழும். 90-ஆவது நாள் மட்டும் வெள்ளியில் போய் நிற்கும். உங்களுக்கு அன்று நான்கு வகுப்பு இருக்கலாம். திட்டத்திலேயே 91 நாள் என்று எழுதி, ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியிடம் முதல் கூட்டத்திலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். புதன்கிழமை வார்த்துவிட்டு 28-ஆம் நாள் பருவத்தேர்வு மேற்பார்வையில் மாட்டிக்கொண்டு, 30-ஆம் நாள் உடைத்ததை 28 என்று எழுதும் சபலம் அப்போது வராது. சனிக்கிழமை வார்ப்பில் ஒரே சிக்கல், அச்சு கழற்றும் 24 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அன்று லேப் சாவி யாரிடம் இருக்கும்?

இன்னொன்றும் பாருங்கள். அழுத்தச் சோதனை இயந்திரம் சரியாகக் காட்டுகிறது என்ற காலிபரேஷன் சான்று எப்போது எடுத்தது? எம்30 (30 மெகாபாஸ்கல் வலிமை) கலவைக்கு இலக்கு வலிமை 38.25 மெகாபாஸ்கல் என்று போட்டால், 22,500 சதுர மில்லிமீட்டர் முகத்துக்குச் சுமார் 860 கிலோநியூட்டன் ஏறும். முள் அங்கே ஐந்து சதவீதம் பொய் சொன்னால் உங்கள் 'பத்து சதவீத உச்சம்' மொத்தமும் அந்தப் பொய்க்குள் அடங்கிவிடும்.

கைடு விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். யுஜிசி விதிப்படி பேராசிரியர் எட்டு பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. பெயர் பெற்றவர், கடைசி இடம் காலி என்று ஓடாதீர்கள். அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். "சார் உங்கள் டிராஃப்டை எத்தனை நாளில் திருப்பித் தருகிறார்?" என்ற ஒரே கேள்வி போதும்.

பல்கலைக்கழகம்: தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் உங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகமே இயல்பான வழி. ஆண்டுக்கு இரண்டு பருவம் சேர்க்கை நடக்கிறது. உங்கள் கல்லூரி சிவில் துறை ஆராய்ச்சி மையமாக அங்கீகாரம் பெற்றிருந்தால் பாதிச் சுமை குறைந்தது. இல்லையென்றால் தருமபுரி செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி, சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் சிவில் துறையில் மையமும் கைடும் உண்டா என்று அங்கீகாரப் பட்டியலில் தேடுங்கள். பெங்களூர் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான், ஆசை வருவது நியாயம். ஐஐஎஸ்சியில் வெளிப்பதிவு முறை உண்டு, ஆனால் அது வேலை செய்யும் நிறுவனமே அனுப்பி வைப்பவர்களுக்கானது. உங்கள் கல்லூரி அப்படி அனுப்புமா என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. எனக்கு நம்பிக்கை குறைவு.

கட்டுரை வெளியிடுவது இனி கட்டாயம் இல்லை என்று யாராவது சொன்னால், யுஜிசி அளவில் அது சரி. ஆனால் பல்கலைக்கழகம் கேட்கும். அது போக, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் விதிப்படி இணைப் பேராசிரியர் ஆக பி.எச்டியோடு ஆறு கட்டுரைகளும், எட்டு ஆண்டு அனுபவத்தில் பி.எச்டிக்குப் பிந்திய இரண்டு ஆண்டும் வேண்டும். 39-ல் முடித்தால் 41-ல் நீங்கள் தகுதியானவர். ஆகவே ஜர்னலைத் தவிர்க்க முடியாது. பதினைந்து நாளில் வெளியிடுகிறோம் என்று மெயில் அனுப்பும் எதையும் திறக்காதீர்கள். நல்ல கான்கிரீட் ஜர்னலில் முதல் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும். உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கும் பட்டியலில் அந்த ஜர்னல் இருக்கிறதா என்று, அவர்கள் அனுப்பும் சுட்டியில் பார்க்காமல், நீங்களே முகவரி தட்டிப் பாருங்கள். பெயரைத் திருடிய போலி இணையதளங்கள் நிறைய.

விண்ணப்பத்துக்குக் கல்லூரியின் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வேண்டும். வாயால் "பண்ணிக்கோங்க மேடம்" என்று சொல்வது கணக்கில் வராது, தலைவர் மாறினால் சொன்னதும் மாறும். கடிதத்தாளில், தேதியோடு, கோர்ஸ் வொர்க் நாட்களுக்கு ஆன் டூட்டி உண்டு என்று எழுதி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்துகொள்ளலாம் என்ற ஒரு வரியையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.