அதிக ஆற்றல் கொண்ட ஒளி மெதுவாகப் போகுமா?

"குவாண்டம் ஈர்ப்பு உண்மையென்றால் காமா கதிர் சாதாரண ஒளியைவிடத் தாமதமாக வருமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குவாண்டம் ஈர்ப்பு என்பது ஈர்ப்பு விசையையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கத் தேடும் கோட்பாடு; காமா கதிர் என்பது ஆற்றல் மிகமிக அதிகமான ஒளி. இதுவரை அளந்த வரையில், இல்லை. ஆனால் நான் ஒரு காலத்தில் ஆமாம் கட்சி. 2005 ஜூலையில் மார்க்கேரியன் 501 என்ற விண்மீன் மண்டலம் திடீரென்று பளிச்சிட்டது. லா பால்மா தீவில் இருக்கும் மேஜிக் என்ற காமா கதிர் தொலைநோக்கியில், ஆற்றல் மிகுந்த கதிர்கள் சுமார் 4 நிமிடம் பிந்தி வந்தது பதிவானது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் ஒருவரையும் தூங்கவிடவில்லை.

கரடுமுரடான ரோட்டில் லாரிச் சக்கரம் உருண்டுவிடும், ஸ்கேட்டிங் சக்கரம் தடுமாறும். குவாண்டம் ஈர்ப்பின்படி அண்டவெளியே அடிமட்டத்தில் நுரைபோல இருந்தால், அலைநீளம் குறைந்த, அதாவது ஆற்றல் மிகுந்த ஒளிக்கும் அந்தக் கதிதான். (உவமைதான், இதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.) தடுமாற்றத்தால் வேகம் எவ்வளவு பங்கு குறையும்? எளிய ஊகப்படி, ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றலைப் பிளாங்க் ஆற்றலால் (குவாண்டம் ஈர்ப்பு பெரிதாகத் தலைகாட்டும் என்று கருதப்படும் பிரம்மாண்ட ஆற்றல்) வகுத்தால் கிடைப்பது. 31 கிகா எலக்ட்ரான்வோல்ட் (இது ஆற்றலின் அலகு) ஃபோட்டானுக்கு அது ஏறத்தாழ 4000 கோடி கோடியில் ஒரு பங்கு! எந்த ஆய்வகத்திலும் அளக்க முடியாது. தூரம்தான் கைகொடுக்கும்: நெடும் பயணத்தில் சிறு தாமதமும் சேர்ந்து பெருகும். இயற்பியலாளர் அமெலினோ-கமேலியாவும் கூட்டாளிகளும் 1998-இலேயே, காமா கதிர் வெடிப்புகளை (தொலைதூர விண்மீன் மண்டலங்களில் திடீரென்று பளிச்சிடும் காமா கதிர்களை) கொண்டு சோதிக்கலாம் என்றார்கள்.

2009 மே 10 அன்று அந்த வாய்ப்பு வந்தது. சுமார் 730 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஒரு குறுகிய வெடிப்பை ஃபெர்மி விண்கலம் பிடித்தது. அதிலிருந்து ஒரு 31 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டானும் வந்தது. மேலே சொன்ன கணக்கில் அண்டம் விரிவதையும் சேர்த்தால், அது ஒரு விநாடிக்குச் சற்று மேல் பிந்தியிருக்க வேண்டும். வெடிப்பு பதிவான 0.83 விநாடியிலேயே வந்து நின்றது. வெடிப்புக்கு முன்பே அது கிளம்பியிருந்தால் தவிர, அந்தக் கணக்கு செல்லாது.

சரி, அந்த 4 நிமிடம்? அனேகமாக மூலத்திலேயே கதிர்கள் பிந்திக் கிளம்பியிருக்கும். ஒன்றாகக் கிளம்பின என்று யார் சொன்னது? இந்தத் துறையின் தீராத தலைவலி இதுதான். ஹாஸ்டலில் எனக்கு இது தோன்றவே இல்லை.

2022 அக்டோபர் 9 அன்று வந்த பிரகாசமான காமா கதிர் வெடிப்பைச் சீனாவின் லாசோ ஆய்வகம் அளந்தது. மேலே சொன்ன வகுத்தலில், தாமதம் இருந்தாலும், வகுக்கும் ஆற்றல் பிளாங்க் ஆற்றலின் 10 மடங்குக்காவது மேல் இருக்க வேண்டும் என்று வரம்பைத் தள்ளிவிட்டது. ஆனால் தாமதம் ஆற்றலின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வைத்துக்கொண்டால் விளைவு இன்னும் நுண்ணியதாகிவிடும். அங்கே இன்றைய அளவீடுகள் பிளாங்க் எல்லைக்கு வெகு கீழேதான் நிற்கின்றன.