வேகம் குறையலாம், சுருதி இறங்கக் கூடாது – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிட்டார் பழகி வருகிறேன். பிடித்த பாட்டு ஒன்றோடு கூடவே வாசிக்க ஆசை. ஆனால் அந்த வேகத்துக்கு விரல் ஓடவில்லை. வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கி, பாடுகிற குரலே வேறு யாருடையதோ போல ஆகிவிடுகிறது. டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு, என்ன என்று பார்த்தால் ஒரு ஆப் 76 என்கிறது, இன்னொன்று 152 என்கிறது. எதை நம்புவது? சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்க வழி உண்டா?

ர.

அன்புள்ள ர.,

இரண்டு ஆப்பும் ஒரே பாட்டைத்தான் எண்ணியிருக்கின்றன. ஒன்று தாளத்தை எண்ணியிருக்கிறது, மற்றது நடுவில் விழும் அடிகளையும் சேர்த்துக்கொண்டது. எது தாளம், எது அதன் பாதி என்று முடிவுசெய்ய மென்பொருளுக்குக் கால் இல்லை. பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உங்கள் கால் தானாக எங்கே தட்டுகிறதோ அதுதான் கணக்கு.

15 விநாடி எண்ணி நாலால் பெருக்கச் சொல்வார்கள். ஒரு தட்டு பிசகினால் விடையில் நாலு பிசகும். அதைவிட 40 தட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும் தட்டு பூஜ்யம், ஒன்று அல்ல. பலரும் வழுக்குவது இங்கேதான். 31.6 விநாடி வந்தால், 40-ஐ 60-ஆல் பெருக்கி 31.6-ஆல் வகுங்கள்: 76. கடைசிச் சரணத்திலும் ஒருமுறை எண்ணுங்கள். மெட்ரோனோம் கருவியின் சீரான ‘கிளிக்’ ஒலி இல்லாமல் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பதிவான பாட்டென்றால் இரண்டு விடையும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்த மாதிரிப் பாட்டுக்கு ஒரே எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

அப்புறம் சுருதி. 76-ஐ 57 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள், அதாவது முக்கால் வேகம். வெறுமனே மெதுவாக ஓட்டினால் விநாடிக்கு 440 முறை அதிர்ந்த ஒலி 330 முறைதான் அதிரும். கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து எண்ணினால் ஐந்து கீ கீழே. குரல் வேறு ஆள் போலக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சுருதியைத் தொடாத முறையில், ஒலியைச் சில பத்து மில்லிவிநாடி நீளத் துண்டுகளாக நறுக்குகிறார்கள். துண்டுக்குள் அதிர்வு பழையபடியே இருக்கும். ஓடு வேய்வது போல ஒன்றன் ஓரம் இன்னொன்றின் மேல் படும்படி அடுக்கும்போது, எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது. சேரும் இடத்தில் அலைகள் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கரகரக்கும். இன்னொரு வழி ஃபேஸ் வோக்கோடர் (phase vocoder). பெல் ஆய்வகத்தின் ஃபிளானகனும் கோல்டனும் 1966-இல் பேச்சொலிக்காக வெளியிட்டது. அது ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து நீட்டுகிறது.

எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. நீட்டித்த குரல் ஓரளவு தப்பிவிடும்; அடி வாங்குவது தாளவாத்தியம். ஒரே டிரம் அடி இரண்டாகக் கேட்கும், அல்லது கூர் மழுங்கிப் புஸ்ஸென்று விழும். கமகத்தைக் கவனியுங்கள். சுருதி சரியாக இருக்கும், ஆனால் அசைவும் சேர்ந்து மெதுவாகிவிடுவதால் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கும். இதை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது என்று சொல்ல மாட்டேன்; சாதாரணமாகக் கிடைப்பவை திருத்துவதில்லை. என் காதுக்கு 75 சதவீத வேகம் வரை இறக்குவது பயிற்சிக்குத் தாராளம். பாதி வேகம் வேண்டுமென்றால் முழுப் பாட்டையும் இழுக்காமல், சிக்கும் நாலு வரியை மட்டும் லூப் செய்து வாசியுங்கள்.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் ‘சேஞ்ச் டெம்போ’ என்பதை எடுங்கள். ‘சேஞ்ச் ஸ்பீட்’ என்று தொடங்குவது சுருதியையும் இழுத்துக்கொண்டு போகும். சும்மா கேட்டு வாசிக்க யூடியூபின் வேக மாற்றமே போதும், அது சுருதியைக் காப்பாற்றும். ஆடாசிட்டியில் 25 சதவீதம் குறைத்த பாட்டைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவர 25 கூட்டினால் போதாது, 33.3 கூட்ட வேண்டும். அப்படிச் செய்யவும் செய்யாதீர்கள். 57 கைவந்து 65-க்குப் போகும்போது மூலக் கோப்பிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். நீட்டியதை மறுபடி சுருக்கினால் கறை மேல் கறை.

இவ்வளவும் செய்த பிறகும் கிட்டார் பாட்டோடு சேரவில்லையா? பதிவே கொஞ்சம் வேகம் பிசகிய டேப்பிலிருந்து வந்திருக்கலாம். கோப்பைத் தொடாதீர்கள், கம்பியைப் பாட்டுக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.