மட்டக்களப்பில் உள்ளூர் வேலை தேடுவது எப்படி? ஒன்லைனில் தேடினால் எல்லாம் கொழும்பாகவே வருகிறதே?

டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறீர்கள், போனில் "மட்டக்களப்பு வேலைவாய்ப்பு" என்று அடித்தடித்தே களைத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன், 2017ல்.

அந்த வருசம் எங்கள் பெட்ச் ஆட்கள் அரச வேலை கேட்டுக் காந்திப் பூங்காவில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நானும் இரண்டு நாள் போய்க் குந்தினேன். மூன்றாம் நாள் அம்மா விடவில்லை. (போராடியவர்களைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கீழே வந்து எழுதவேண்டாம். நான் சொல்வது என் கதை மட்டும்தான்.) வீட்டில் இருந்தபடி ஐந்து வட்சப் குழுக்களில் சேர்ந்தேன். ஒருநாள் இரவு ஒரு விளம்பரம் வந்தது. கணக்கு உதவியாளர், மட்டக்களப்பு மாவட்டம், தகைமையும் சரி. விடிந்ததும் எங்கள் பிரதேச செயலகத்துக்கு முன்னால் இருந்த கொமினிகேஷனுக்கு, அதுதான் ஃபொட்டோகொப்பிக் கடைக்கு, ஓடினேன்.

கடைக்கார அண்ணன் டிகிரிச் சான்றிதழைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "எதுக்கு தங்கச்சி?" என்றார். போனைக் காட்டினேன். படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். "முடிவுத் திகதி எங்க?"

அப்போதுதான் கவனித்தேன். படத்தின் அடியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பகிர்ந்த பக்கத்தின் பெயரைச் சிவப்பில் ஒட்டியிருந்தார்கள்.

"இது போன மாசமே முடிஞ்சிட்டு புள்ள. இதுக்கு நானே முப்பது பேருக்கு ஃபோம் அடிச்சுக் குடுத்தன்."

ஆறு கொப்பிக்கும் காசைக் கொடுத்துவிட்டு வெளிக்கிடப் போனேன். அவர் லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், அறுவடை நேரம் அது. நெல் வாங்க வந்த மொத்த வியாபாரி ஒருவர், பஸ் நிலையங்களில் ஒட்டுவதற்கு இருபது கொப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மை மங்கிப்போன ஒன்று மிஞ்சிவிட்டது. "கணக்கு எழுத ஆள் தேவை. கணிணி தெரிந்தால் நல்லது." எழுத்துப் பிழையோடு இரண்டு வரி, கீழே ஒரு போன் நம்பர்.

அன்றைக்கே கதைத்தேன். மறுநாள் மண்முனைப் பாலத்தால் அக்கரைக்குப் போனேன். இன்று வரைக்கும் அங்கேதான் வேலை. 2014ல் அந்தப் பாலம் வந்திராவிட்டால், வாவியைக் கடக்கும் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) தினமும் காத்துக்கொண்டு நின்று இந்த வேலையைச் செய்திருக்க மாட்டேன்.

பெரியம்மாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. "கடைக்குப் போறதுக்கா பி.ஏ. படிச்ச?" கலியாணத் தரகர் ஒருவர் "பிரைவேட்டா?" என்று கேட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தையே மூடினார். 2020ல் அரசாங்கம் பட்டதாரிப் பயிலுநர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் கொடுத்தபோது என் சம்பளம் அதைவிடக் கூட. அதைச் சொன்னேன், தரகரின் காதில் விழவில்லை. சரி, அதை விடுங்கள். நீங்கள் கேட்டது அதை இல்லை.

ஒன்லைனைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் டொப்ஜொப்ஸ் என்ற வேலைத் தளத்தில் பல விளம்பரங்கள் படமாகவே கிடக்கும். ஊர்ப் பெயர் படத்துக்குள் இருந்தால் தேடலில் சிக்காது. லீசிங், இன்சூரன்ஸ், விற்பனைப் பிரதிநிதி வேலைகளுக்கு மட்டக்களப்பு என்று எழுதாமல் "கிழக்கு மாகாணம்" என்றோ "ஐலண்ட்வைட்" என்றோ போட்டிருப்பார்கள், திறந்துதான் பார்க்கவேண்டும். இக்மன் என்ற விளம்பரத் தளத்தில் மாவட்டத்தைத் தெரிவுசெய்யலாம். அதில் அம்பாறையையும் பாருங்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டக்களப்பு டவுனைவிடக் கல்முனை கிட்ட.

அரச வேலைக்கு வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி வருகிறது. தமிழிலேயே இலவசமாக இறக்கிப் படிக்கலாம், அப்புறம் எதற்கு வட்சப் படம்? மாகாண சபை வேலைகள் தனி. அவற்றைத் திருகோணமலையில் உள்ள கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு பார்க்கிறது, அந்தத் தளத்தையும் தனியாகப் பாருங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் கேட்டால், உறையின் இடது மேல் மூலையில் பதவிப் பெயரை எழுத மறக்கவேண்டாம். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்துவைத்தால், தொழிற்சந்தை நடக்கும்போது தெரியவரும்.

பதிவுக் கட்டணம், யூனிஃபோம் காசு என்று முதலிலேயே பணம் கேட்கும் இடத்தில் நிற்கவே வேண்டாம். என் ஒன்றுவிட்ட தம்பி அப்படி 5,000 ரூபாய் கட்டிவிட்டு இன்னும் "கோல் வரும்" என்று இருக்கிறான். வெளிநாடு என்றால் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989க்கு எடுத்து வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள்.

எல்லாருக்கும் ஃபொட்டோகொப்பிக் கடை மூலம் வேலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் யார் யார் எதற்கு விண்ணப்பிக்கிறார்கள், எது முடிந்தது, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு மேலால்தான் போகிறது. உங்கள் பிரதேச செயலகத்துக்கு முன்னாலும் அப்படி ஒரு கடை இருக்கும். போனால் ஒரு கொப்பியாவது எடுத்துக்கொண்டு கேளுங்கள். சும்மா போய் நின்று கேட்டால் எங்கள் அண்ணனே வாய் திறக்கமாட்டார்.